தாய்ப்பாலும் டப்பாப் பாலும்

கன்று பிறந்த சிறிது நேரத்தில் தன் கால்களில் எழுந்து நின்று தாயின் மடியைத் தானே தேடிச் செல்லும். மனிதக் குழவியோ எடுத்து அணைக்கும் கை ஒன்று இன்றி ஒரு நாளும் உய்ய வல்லதன்று. ஆதலினாற்றான் நம் முன்னோர், ஒரு குழந்தையை வளர்க்கத் தாய் ஒருத்தி போதாள் எனக் கருதி ஐவகைத் தாயரை வகுத்துக் கூறினர். அவருள் பாலூட்டுந் தாய் தனியே எண்ணப்பட்டாள். ஈன்றவளே ஊட்டவும் வேண்டும், ஊட்ட இயலாவிடில் அவளே குற்றவாளி என்னும் எண்ணம் அவர்க்கு இருந்ததாகத் தெரியவில்லை. அவ்வெண்ணம் இக்காலத்தில் நம்மிடையே எவ்வாறோ வேரூன்றிவிட்டது. அதனால் விளையும் தீங்கைப் பற்றியே இங்குச் சில கூற விரும்புகின்றோம்.

கல்லூரி மலரொன்றிற் கைக்குழந்தையின் உணவைப் பற்றி எழுதுவது பொருந்துமோ எனச் சிலர் வினவலாம். நம் வகுப்புகளில் இன்று அமர்ந்திருப்போர் நாளை தாயரும் தந்தையருமாவர். பழைய மாணவருட் பலர் இன்றே அந்நிலை எய்தியுள்ளனர். நம் ஆசிரியப் பெண்மணிகளுட் பலர், மகப்பேற்று விடுமுறை முடிந்து வகுப்பிற்குத் திரும்பிய முதல் நாளின் வேதனையை நன்கறிவர். பெண்கள் மட்டும் படிக்க, ஆடவர் பக்கத்தைப் புரட்டிச் செல்லத் தக்க பொருளும் இஃதன்று. ஏனெனில், பின்னர்க் காட்டுமாறு, குறை பெரும்பாலும் தாயிடத்தில் இல்லை, அவளைச் சூழ்ந்திருப்போரிடத்திலேயே உளது.

சென்னைக்குத் தெற்கே, திருவான்மியூரை அடுத்துக் கடலோரமாக உள்ளது கொட்டிவாக்கம். 2011 ஆம் ஆண்டில் அது சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. கீழ்பால் அலைகளை அடுத்து மீனவர் குப்பம். நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலையும் அடுக்குமாடி வீடுகளும். மேற்கே பக்கிங்காம் கால்வாய்க்கு அப்பால், கணினித் தொழில் நிலையங்கள் நிரல்பட நிற்கும் பழைய மகாபலிபுரம் சாலை. விடியற்காலையில் மீன்கூடை சுமந்து செல்லும் தாயையும், சற்று நேரங் கழித்து மடிக்கணினியைத் தோளில் மாட்டிக்கொண்டு விரையும் தாயையும் அவ்வூரில் ஒரே காலைப் பொழுதிற் காணலாம். இருவர்க்கும் பொதுவானது ஒன்று உண்டு. இருவரும் கைக்குழந்தையைப் பாட்டியிடம் விட்டுச் செல்வர். இருவர் வீட்டிலும் தாய்ப்பாலோடு டப்பாப் பாலும் புழங்கும்.

அவ்வூரில் வாழும் நம் பழைய மாணவியர் ஒருவரின் இல்லத்திற்கு அண்மையிற் சென்றிருந்தோம். அவர்க்கு அது முதற் பேறு. அறுவைச் சிகிச்சையால் நிகழ்ந்தது. குழந்தைக்கு மூன்று மாதம். பேச்சுக்கிடையே அவர் உள்ளே சென்று, அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு பால் பவுடர் டப்பாவை எடுத்து வந்து காட்டினார். ஒளித்து வைப்பானேன் என்றோம். “பார்க்க வருகிறவர்கள் எல்லாரும், இன்னும் உனக்குப் பால் ஊறவில்லையா என்று கேட்கிறார்கள். எத்தனை பேருக்கு விடை சொல்வது?” என்றார். கலக்கும் அளவைக் கற்பித்தவர் யார் என்றோம். ஒருவருமில்லை. பேறு நிகழ்ந்த வைத்தியசாலையில் முதல் இரவு ஒரு செவிலி, தாயைக் கேளாமலே கலந்து புகட்டியதைக் கண்டதுதான் அவர் பெற்ற பாடம். வீட்டிலோ, கெட்டியாயிருந்தால் செரியாது என்னும் அன்பு மிகுதியால், மாமியார் இரு மடங்கு நீர் சேர்த்துக் கலந்து வந்தார். ஒரு மாதம் நிறைந்தபோது நிறுத்துப் பார்த்தால், பிறந்த எடைக்கு மேல் ஏறியது மிகச் சிறிதே. குழந்தை வைத்தியர் ஒருவர் காரணத்தை வினவியறிந்து திருத்தியமையால் தீங்கொன்றும் நேரவில்லை.

இந்நிகழ்ச்சியைப் பன்முறை சிந்தித்துப் பார்த்தோம். அக்குழந்தையை மெலிவித்தது டப்பாப் பாலா? அன்று, டப்பாவை ஒளித்த நாணமே மெலிவித்தது. வெளிப்படையாய் வைத்திருந்தால் எவரேனும் அளவைக் கேட்டிருப்பர். கேட்டிருந்தால் பிழை அன்றே தெரிந்திருக்கும். தாய்ப்பாலோடு டப்பாப் பாலையும் சேர்த்து ஊட்டுவது பாவமுமன்று, நாகரிகமுமன்று. தேவை நேர்ந்தவிடத்து, மருந்தைப் போல அளவறிந்தும் முறையறிந்தும், கூடுமாயின் நிறுத்தும் நாளை எதிர்நோக்கியும் கையாளத் தக்கதோர் உபாயம் அது. இதுவே எம் கருத்து.

இவ்வாறு கூறுதலால் தாய்ப்பாலின் மேன்மையைக் குறைத்துரைப்பதாக எவரும் கருதற்க. முதல் மூன்று நான்கு நாட்களிற் சுரக்கும் சீம்பால் அளவிற் சிறிதாயினும், நோயைத் தடுக்கும் பொருள்கள் செறிந்தது. ஆறு மாதம் நிரம்புமளவும் தாய்ப்பாலே போதும், தண்ணீரும் வேண்டா என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிபு. தமிழ்நாட்டிற் பேறுகள் ஏறத்தாழ அனைத்துமே வைத்தியசாலைகளில் நிகழ்கின்றன. அவ்வாறிருந்தும், 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுள் தாய்ப்பாலை மட்டுமே உண்டவர் நம் மாநிலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 55 பேரே. இந்தியா முழுமைக்கும் அத்தொகை 64 ஆக இருந்தது. வைத்தியசாலைகள் மலிந்த நம் நாட்டில் இக்குறை நேர்ந்தது ஏன் என்று சிந்தித்தல் வேண்டும்.

காரணங்களுள் ஒன்று அதே கணக்கெடுப்பிற் காணப்படுகின்றது. தமிழ்நாட்டிற் பேறுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 அறுவையால் நிகழ்ந்தன. தனியார் வைத்தியசாலைகளிலோ 64. அறுவைக்குப் பின் பால் சுரப்பது பெரும்பாலும் சற்றுத் தாமதிக்கும். வலியோடு கிடக்கும் தாய் குழந்தையை எடுத்து அணைப்பதும் அரிது. அவ்விடைவெளியில் டப்பா நுழைகின்றது.

பால் சுரக்கும் இயல்பை அறிந்தாலன்றி இதன் விளைவு விளங்காது. குழந்தை சுவைக்குந்தோறும் தாயின் மூளையின் அடியிலுள்ள சிறு சுரப்பியினின்றும் இரண்டு பொருள்கள் குருதியிற் கலக்கின்றன. ஒன்று பாலை உண்டாக்குவது. மற்றொன்று உண்டான பாலை வெளிப்படுத்துவது. முன்னையது இரவில் மிகும். பின்னையது அச்சத்தாலும் மனவருத்தத்தாலும் தடைப்படும். கிணறு இறைக்க இறைக்க ஊறுமாறு போல, மார்பும் வெறுமையாக வெறுமையாக நிறைகின்றது. காரணமின்றி டப்பாப் பாலைக் கொடுத்தால் குழந்தை அந்த வேளை மார்பை நாடாது. நாடாமையாற் சுரப்புக் குறையும். குறைவு கண்டு மேலும் டப்பாவைத் திறப்பர். போதவில்லை என்ற ஐயம் இவ்வாறு தன்னைத் தானே மெய்யாக்கிக்கொள்கின்றது. தாயைப் பழிக்குஞ் சொல்லும் அவ்வாறே சுரப்பைத் தடுப்பதாகும். பால் ஊறவில்லையா என்று கேட்கும் உறவினர், கேட்குந்தோறும் அதனைச் சிறிது குறைக்கின்றனர் என்பதை அறியார்.

டப்பாவின் வரலாறும் மாசற்றதன்று. 1860 களில் ஜெர்மானிய இரசாயன அறிஞர் லீபிக்கும், சுவிட்சர்லாந்தில் ஹென்றி நெஸ்லேயும் தாய்ப்பாலுக்கு மாற்றுணவு செய்து வெளியிட்டனர். தாயை இழந்த குழந்தைகள் பலவற்றிற்கு அஃது உயிர்ப்பிச்சையாயிற்று. ஆயின், வாணிகம் தேவையோடு நிற்பதில்லை. 1939 ஆம் ஆண்டிற் சிங்கப்பூரில் ஸிஸிலி வில்லியம்ஸ் என்னும் வைத்திய அம்மையார், பாலையும் கொலையையும் ஒருங்கு சேர்த்துத் தலைப்பிட்டு ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். இனிப்பூட்டிய டப்பாப் பாலை ஏழைத் தாயரிடம் விற்பதால் இறக்குங் குழந்தைகளைப் பற்றியது அது. 1981 ஆம் ஆண்டில் உலக சுகாதாரப் பேரவை இவ்வாணிகத்திற்கு ஒரு நெறிமுறை வகுத்தது. இந்திய அரசு 1992 ஆம் ஆண்டிற் சட்டமியற்றி, 2003 ஆம் ஆண்டில் அதனை மேலும் கடுமையாக்கியது. டப்பாப் பாலுக்கும் பால் புட்டிக்கும் விளம்பரம் செய்தல், இலவசமாய்க் கொடுத்தல், வைத்தியர்க்குக் கையுறை வழங்கல் ஆகியவற்றை அது தடுக்கின்றது. டப்பாவின் மேல் குழந்தையின் படம் இருத்தலும் ஆகாது. இச்சட்டத்தை நாம் மனமார வரவேற்கின்றோம்.

ஆயினும், விளம்பரத்தைத் தடுக்கும் சட்டத்தை அறிவைத் தடுக்கும் சட்டமாகக் கொண்டுவிட்டோமோ என்று ஐயுறுகின்றோம். டப்பாவின் மேல் கலக்கும் முறை அச்சிடப்பட வேண்டும் என்று அச்சட்டமே விதிக்கின்றது. உலக நெறிமுறையும், தேவையுள்ள தாய்க்கு வைத்தியப் பணியாளர் கலக்கும் முறையைச் செய்து காட்டுவதை அனுமதிக்கின்றது. அவ்வாறிருக்க, முதல் இரவிற் கேளாமற் கலந்து கொடுப்பதும், வீடு திரும்பும் நாளில் ஒரு சொல்லும் கற்பியாது அனுப்புவதும் எந்நெறியின்பாற்படும்? முன்னது தாயின் உரிமையைப் பறிப்பது; பின்னது குழந்தையின் உயிரோடு விளையாடுவது.

ஒரு துளி டப்பாப் பால் உட்சென்றாலும் தாய்ப்பால் பாழாயிற்று என்று அச்சுறுத்துவாரும் உளர். ஆராய்ச்சியாளர் இதனையும் சோதித்துப் பார்த்தனர். அமெரிக்காவில் எடை குறைந்த 40 சிசுக்களைக் கொண்டு நடத்தி 2013 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், ஒவ்வொரு முறை தாய்ப்பால் உண்டபின்னும் 10 மில்லி டப்பாப் பால் மட்டும் பீச்சுங்குழலாற் புகட்டி, தாய்க்குப் பால் நிரம்பியதும் நிறுத்தினர். மூன்றாம் மாதத்தில் அக்குழந்தைகளுள் நூற்றுக்கு 79 பேர் தாய்ப்பாலை மட்டுமே உண்டனர்; டப்பாப் பால் பெறாத பிரிவிலோ 42 பேரே. அதே ஆராய்ச்சியாளர் பின்னர்ப் பெருந்தொகையினரைக் கொண்டு நடத்திய சோதனையில் இந்நன்மை காணப்படவில்லை. முதல் மாதத்தில் இரு பிரிவும் ஒத்திருந்தன. ஓராண்டு நிறைவில் டப்பாப் பால் பெற்ற பிரிவிற் பாலூட்டுவோர் குறைந்தனர். ஆகவே, சிறிதளவு டப்பாப் பால் உடனே பெருங்கேடு விளைப்பதுமன்று, முற்றும் விளைவற்றதுமன்று. தேவையைத் துணிந்த பின்னரே தொடங்கத் தக்கது என்பதே இவ்விரண்டினின்றும் நாம் கொள்ளத் தக்க பாடம்.

தேவையைத் துணிவதெங்ஙனம்? அழுகை மட்டும் சான்றாகாது. மாலை வேளைகளில் அடிக்கடி பாலுக்கு அழுவது பல குழந்தைகளுக்கு இயல்பு. பிறந்த எடையிற் சிறிது முதல் நாட்களிற் குறைவதும் இயல்பே. பத்தில் ஒரு பங்கிற்கு மேற் குறைந்தாலும், இரண்டு வாரத்திற்குள் மீளாவிட்டாலும், ஐந்தாம் நாளுக்குப் பின் நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழியாவிட்டாலும், உடல் மஞ்சளித்துச் சோர்ந்து உறங்கிக் கிடந்தாலும் தாமதியாது வைத்தியரிடம் செல்க. அத்தகைய நிலையில் உணவை மறுப்பது அறமன்று. குறைமாதப் பிறப்பு, இரட்டைப் பேறு, தாயின் கடும்பிணி, அலுவலுக்குத் திரும்ப வேண்டிய கட்டாயம் ஆகியன பிற காரணங்கள்.

துணிந்த பின் முறை வேண்டும். முதலில் இரு மார்பிலும் ஊட்டி, குறைவுக்கு மட்டும் டப்பாப் பாலைக் கொடுக்க. டப்பாப் பால் கொடுக்கும் வேளையிற் பாலைப் பீய்ச்சியெடுத்தால் சுரப்புக் குன்றாது. இரவில் மார்பையே கொடுத்தல் நன்று. புட்டியும் ரப்பர் காம்பும் வேண்டுவதில்லை. நம் பாட்டிமார் பெட்டியில் வைத்திருக்கும் பாலாடையோ சங்கோ போதும். கழுவிக் கொதிக்கவைப்பதும் எளிது. மேல்நாட்டு நாகரிகத்தால் நாம் பரண்மேல் ஏற்றிய அச்சிறு பாத்திரத்தை இன்று குழந்தை வைத்தியர்களே மீண்டும் கீழிறக்கி, குறைமாதச் சிசுக்களுக்குப் புகட்டி வருகின்றனர்.

பாத்திரத்தை அடுத்து அளவு. கடைகளிற் கிடைக்கும் டப்பாக்களிற் பெரும்பாலனவற்றிற்கு 30 மில்லி நீருக்கு, தலை தட்டிய கரண்டி ஒன்று என்பது கணக்கு. ஆயினும் அந்தந்த டப்பாவின் மேல் அச்சிட்டதையே பின்பற்றுக. முதலில் நீர், பின்னர்ப் பவுடர். நீர் மிகுந்தால் குழந்தை மெலியும், குருதியில் உப்புக் குன்றும். பவுடர் மிகுந்தால் மலம் கட்டும், உடல் வறளும். பவுடர் கிருமியற்றதன்று. ஆதலின், கொதித்து இறக்கிய நீர் 70 பாகைக்கு மேற் சூடாயிருக்கும்போதே கலந்து, ஆறவைத்துக் கொடுத்தல் வேண்டும். இரண்டு மணி நேரத்திற்குள் உண்ணாததைக் கொட்டிவிடுக. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குப் பசும்பாலை நீர் விட்டுக் கொடுப்பதும், சென்னைத் தெருக்களில் இன்றும் விலை கூறி வரும் கழுதைப் பாலை ஊட்டுவதும், நாவில் தேன் தடவுவதும் ஆகா.

இவையெல்லாம் தண்ணீரைப் பற்றி நிற்பன. தென்சென்னைவாசிகளுக்கு அதன் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2019 ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வற்ற, லாரித் தண்ணீருக்கு இராப்பகலாய்க் காத்திருந்தோம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர்ப் புயலிலும் மின்சாரமும் இன்றி, பால் பாக்கெட் கிடையாமல் அல்லலுற்றோம். அத்தகைய நாட்களில் டப்பாவை மட்டும் நம்பிய வீட்டின் நிலை யாது? கொதிக்கவைக்க நல்ல நீருமில்லை, டப்பா வாங்கச் செல்ல வழியுமில்லை. ஒரு வேளையேனும் மார்பிலூட்டி வந்த தாயோ அவ்வெள்ளத்திலும் தன் சேய்க்கு உணவை உடன் வைத்திருந்தாள். முற்றும் நிறுத்தாது, இயன்ற வேளையெல்லாம் தாய்ப்பாலும் கொடுத்து வருவதன் பயன் இதனால் விளங்கும். பாதியும் ஒரு பெருஞ்செல்வமே.

இனித் தாயைச் சூழ்ந்திருப்போர் கடமைக்கு வருவோம். 2017 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் மகப்பேற்று விடுமுறையை 26 வாரமாக உயர்த்தியது. தமிழ்நாட்டு அரசு தன் பெண் ஊழியர்க்கு 2021 ஆம் ஆண்டில் அதனை ஓராண்டாக்கியது. 2015 ஆம் ஆண்டிற் பேருந்து நிலையங்களிற் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. யாவும் போற்றத் தக்கனவே. ஆயின், மீன்கூடை சுமப்பவளுக்கு விடுமுறை அளிப்பவர் யார்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் நடைபெறும் மகப்பேற்று உதவித் திட்டத்தின் தொகை 2018 ஆம் ஆண்டில் 18,000 ரூபாயாக உயர்ந்தது. அஃது ஆறு மாதக் கூலிக்கு ஈடாகுமா? விவிலியத்தில் எகிப்து மன்னனின் மகள், ஆற்றிற் கண்டெடுத்த மோசேயை ஒரு தாயிடம் ஒப்புவித்து, பாலூட்டு, உனக்குக் கூலி தருவேன் என்றாள். அத்தாய் ஈன்றவளே என்பதை அவள் அறியாள். அறியாமலே அவள் காட்டிய நீதி சிறந்தது. பாலூட்டல் ஓர் உழைப்பு, அதற்குக் கூலி உண்டு என்று அந்த அரசகுமாரி ஒப்புக்கொண்டாள். நாம் இன்னும் முழுதும் ஒப்புக்கொள்ளவில்லை.

தாய் அருகிலில்லாத வேளையிலும் தாய்ப்பாலை ஊட்டலாம். சீர்காழிக் குளக்கரையில் அழுத பிள்ளைக்கு உமையம்மை பாலைப் பொற்கிண்ணத்திற் கறந்து ஊட்டிய கதையை நாம் அறிவோம். அம்முறையையே இன்று வைத்தியர் கூறுகின்றனர். பீய்ச்சிய பால் வெளியில் நான்கு மணி நேரமும், சென்னையின் கோடையில் அதனினும் குறைவாகவும், குளிர்ப்பெட்டியில் நான்கு நாளும் கெடாதிருக்கும். 1989 ஆம் ஆண்டில் மும்பையில் சயான் வைத்தியசாலையில் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கிய தாய்ப்பால் வங்கி ஆசியாவில் முதலாவது என்பர். எழும்பூரிலும் அத்தகைய வங்கி பின்னர் ஏற்பட்டது. கார்த்திகைப் பெண்டிர் அறுவர் ஒரு குழந்தையை வளர்த்த கதை வழங்கும் நாட்டில், ஒருத்தியின் மிகுதி மற்றொருத்தியின் குறையை நிரப்புவதில் வியப்பென்ன?

நம் கல்லூரியும் செய்யத் தக்கன சில உண்டு. ஆசிரியைகளும் ஆராய்ச்சி மாணவியரும் பாலூட்டவும் பீய்ச்சவும் தாழிடத் தக்க ஓர் அறையும் ஒரு குளிர்ப்பெட்டியும் ஒதுக்குவது பெருஞ்செலவன்று. நம் சமூக சேவைச் சங்கத்தார் குப்பங்களுக்குச் செல்லும்போது, மரக்கன்றோடு அளவுக் கரண்டியையும் பாலாடையையும் எடுத்துச் சென்று கலக்கும் முறையைக் காட்டலாம். மாணாக்கர்க்கு ஒரு சொல்: இரவில் எழுந்து பாத்திரத்தைக் கொதிக்கவைப்பதும், அளந்து கலப்பதும், வந்தோர் கேட்கும் கேள்விக்கு மனைவியை முந்திக்கொண்டு விடையிறுப்பதும் ஆடவரால் இயலாத வினைகளல்ல. மாமியார்க்கும் பாட்டியர்க்கும் ஒரு விண்ணப்பம்: உங்கள் அன்பையும் கைப்பழக்கத்தையும் நாங்கள் இழக்க விரும்பவில்லை, அவற்றோடு டப்பாவின் மேலுள்ள எழுத்தையும் ஒரு முறை படித்துக்கொள்ளுங்கள்.

வேலூரில் வைத்தியசாலை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார், இளமையில் ஓரிரவில் மூன்று பெண்கள் பேறுகாலத்தில் உதவியின்றி இறந்ததைக் கண்டு வைத்தியம் கற்கத் துணிந்தார் என்பர். அவர்களைக் கொன்றதில் நோயோடு, வழக்கத்தின் நாணமும் பங்கு கொண்டது. ஆண் வைத்தியரை உள்ளே விட மறுத்த நாணம் அது. அந்நாணம் இன்று பெரும்பாலும் ஒழிந்தது. அரிசிப் பானைக்குப் பின்னால் டப்பாவை மறைக்கும் நாணமும் ஒழிதல் வேண்டும். கொட்டிவாக்கத்து நம் மாணவி அதனை இப்போது அடுப்பங்கரை அலமாரியில், யாவரும் காண, பாலாடையின் பக்கத்தில் வைத்திருக்கின்றார். அதன்மேல் ஒட்டிய ஒரு துண்டுத் தாளில் நீரின் அளவும் பவுடரின் அளவும் அவர் மாமியாரின் கையெழுத்தில் எழுதப்பட்டுள்ளன.